மூன்றாம் சானல்

செப்டம்பர் 16, திங்கள்

இன்று வம்பை விலைக்கு வாங்கினேன்.

ஆயுத பூசைக்கு வருடா வருடம் வெளியூரிலிருந்து ஓர் இன்னிசைக் குழு வரும். எங்கள் கோமதி மில்லின் எண்ணூறு பேரும் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்போம். இந்த வருடம் நம் ஆட்களே பாடி வாசிக்கட்டும் என்று மேனேஜர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். அதோடு விட்டிருக்கலாம். "மைக்கு செட்டுக்கு மட்டும் வெளிய ஆள் சொல்லிக்கலாம்" என்றார்.

"அப்பறம் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்ட் எதுக்குங்க சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டேன். பதினெட்டு வருடமாக இங்கே எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். நானூற்று நாற்பது வோல்ட்டை மேய்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு ஒரு மைக் பெரிய விஷயமா?

"செரி வசுமதி, உங்க பொறுப்பு" என்று எழுந்துவிட்டார். நான் இதுவரை மைக்கைக் கையால் தொட்டதில்லை.

செப்டம்பர் 18, புதன்

மைக்குகளின் சத்தத்தையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சர் பெட்டி கடையிலிருந்து வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கிறது. அதில் அறுபத்து மூன்று குமிழ்கள், எண்ணிப் பார்த்தேன். எட்டு சானல், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வழி. மூன்று துளை உள்ள சாக்கெட் மைக்குக்கு, பெரிய ஒற்றைத் துளை கீபோர்டு மாதிரி சாமான்களுக்கு. சானலின் தலைமாட்டில் கெயின், எவ்வளவு சத்தத்தை உள்ளே விடுவது என்பதற்கு. கால்மாட்டில் மேலும் கீழும் தள்ளும் ஃபேடர், எவ்வளவு வெளியே விடுவது என்பதற்கு. தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு வால்வு வைத்த மாதிரி. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஓரத்தில் ஒரு பட்டன், சிவப்பு எழுத்தில் 48 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மனிதர்கள் உதட்டோரம் வைத்துப் பாடுகிற சாமானுக்குள் 48 வோல்ட்டை அனுப்புவதாம்! எந்த மகராசன் வடிவமைத்தானோ. இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று ஒட்டி, மேலே 'தொடாதே' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

கூடவே வந்த கையேடு முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. குவாலிட்டி லேப் நாச்சிமுத்து சார், "நான் படிச்சுட்டுத் தர்றனுங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டு போனார். நம் குழுவுக்குப் புல்லாங்குழல் அவர்தான். பஞ்சு இழையின் நீளத்தை அளப்பது அவர் வேலை. பேச்சையும் அளந்துதான் பேசுவார்.

செப்டம்பர் 21, சனி

ஷிப்ட் முடிந்து குடோனில் முதல் ஒத்திகை. ஒன்றாம் சானல் கேன்டீன் ருக்குமணியக்கா, பாட்டு. இரண்டு டைம் ஆபீஸ் அல்போன்ஸ், கீபோர்டு. மூன்று நாச்சிமுத்து சார். நான்கு ஃபிட்டர் பழனிச்சாமியின் தபேலா.

ஸ்பீக்கரைப் பாடுகிறவர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன், அவர்களுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று. ருக்குமணியக்கா வாயைத் திறந்ததும் 'கூ' என்று ஒரு ஊளை, குடோன் கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தன. மைக்கிலிருந்து வந்த சத்தம் மறுபடி அதே மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது. ஸ்பீக்கரை முன்னால் தள்ளி, சனங்களைப் பார்க்கத் திருப்பினேன். ஊளை நின்றது.

ஒன்று பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சானலிலும் ஒரு சிறு பட்டன். அதை அமுக்கினால் அந்தச் சானல் மட்டும் என் ஹெட்போனில் கேட்கும். ஃபேடர் கீழே கிடந்தாலும் கேட்கும், வெளியே ஒருவருக்கும் கேட்காது. ருக்குமணியக்கா மைக் பக்கத்தில் நின்று அல்போன்ஸிடம் என் சமையலைப் பற்றிச் சொன்னதைக் கேட்டேன். பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் சானல் மட்டும் செத்துக் கிடக்கிறது. குழலுக்கென்றே கடைக்காரர் தனியாகக் கொடுத்த மைக், மெலிந்த வெள்ளி நிறக் குச்சி. கேபிளை மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அப்படியானால் மைக்தான் கோளாறு. வேறு வாங்கிவிடலாம் என்றேன். "அவசரமில்லீங்க, நாளைக்கு இன்னொருக்கா பாத்துரலாமுங்க" என்றார் நாச்சிமுத்து சார். பொறுமைசாலி.

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்று நாளாகத் தினமும் அரை மணி நேரம் அந்த மைக்கோடு மல்லுக்கட்டு. நான் கேபிளை மாற்றுவேன், அவர் ஊதுவார், நான் தலையை ஆட்டுவேன், அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றுவார். அவரே போட்ட டீ, இஞ்சி தட்டிப் போட்டது. மனைவி இறந்து ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டதாம்.

இன்று டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார். ஓசூரில் இருக்கிற நம் மில்லின் புது யூனிட்டில் லேபுக்குத் தலைமையாகப் போடுகிறார்களாம். ஆயுத பூசை முடிவதற்குள் பதில் சொல்லவேண்டுமாம்.

"நல்ல விசயம் சார். போய்ட்டு வாங்க" என்றேன்.

"போகலாமுங்க. இங்கயே இருக்கறதுக்கும் ஒரு காரணம் வேணுமில்லீங்களா?"

நியாயமான பேச்சு. பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கிறது? நல்ல செய்தி. சந்தோஷம்.

செப்டம்பர் 25, புதன்

ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். கீபோர்டில் வேறு 'உம்' என்று ஓர் இரைச்சல். தலைவலி.

செப்டம்பர் 28, சனி

இன்று என் நாள்.

நாலு நாளாக அந்த 'உம்' போகவில்லை. அல்போன்ஸ் கீபோர்டைக் குறை சொன்னார், பழனிச்சாமி மிக்சரைக் குறை சொன்னார். எனக்கு இன்று ஷிப்ட் நடுவில் சட்டென்று உறைத்தது. கீபோர்டுக்குக் கரண்டு எடுத்தது குடோனின் தெற்குச் சுவரில். மிக்சருக்கு எடுத்தது வடக்குச் சுவரில். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு இடம். இரண்டையும் ஒரு கேபிள் இணைத்ததும் இரண்டு எர்த்தும் அந்தக் கேபிள் வழியாகச் சண்டை போட்டுக்கொள்கின்றன. எல்லாவற்றையும் ஒரே சுவரில், ஒரே போர்டில் மாட்டினேன். கத்தரித்த மாதிரி இரைச்சல் நின்றது.

நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். "எங்க சூப்பர்வைசருக்கு எர்த்து பாசையும் தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து சார். எல்லோர் முன்னாலும் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. இந்தக் குழுவில் எனக்கு இவ்வளவு சிரிப்பு வருமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

வரும் வழியில் ஒரு புடவை வாங்கினேன். அரக்கு நிறம். பழைய புடவைகள் சாயம் போய்விட்டன, அதனால்தான்.

அக்டோபர் 1, செவ்வாய்

மைக் இன்னும் சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. அதாவது என் கணக்கில் செத்துவிட்டது, நாச்சிமுத்து சார் கணக்கில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. இன்று டீயோடு தட்டுவடையும் இருந்தது. என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் பழுதான கதையைச் சொன்னேன். தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், அது இது என்று ஓடியதில் எனக்கு நாற்பத்திரண்டு வந்துவிட்டதையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"உங்களுக்குன்னு எதுவும் கேக்கலீங்களா?" என்றார்.

"யார்கிட்ட சார் கேக்கறது?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ருக்குமணியக்கா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "நான் அப்பறமா வர்றேன் கண்ணு" என்று திரும்பிப் போனாள். அவளுக்கு வேறு வேலையில்லை.

அக்டோபர் 5, சனி

ஒத்திகையைப் பார்க்க மேனேஜர் வந்தார். எல்லோர் முன்னாலும், "நாச்சிமுத்து, ஓசூருக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "ஆயுத பூச முடியட்டுமுங்க" என்றார் இவர். நான் இரண்டாம் சானலின் கெயினைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் கடைக்காரருக்குப் போன் போட்டு, குழல் மைக் வேலை செய்யவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று சண்டைக்குப் போனேன். "48 வோல்ட் பட்டனைப் போட்டீங்களா மேடம்?" என்றார். அந்த வகை மைக்குக்குள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறதாம், கேபிள் வழியாக அதற்குத் தீனி போனால்தான் அது உயிரோடு இருக்குமாம். ஆளைத் தொடும் அளவுக்குக் கரண்டே இல்லையாம், மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தொடுவது மாதிரிதானாம்.

சாயங்காலம் என் கையாலேயே என் கையெழுத்துப் போட்ட டேப்பை உரித்தேன். ஃபேடர்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்போனை மாட்டி, நாச்சிமுத்து சாரை ஊதச் சொன்னேன்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. குழலுக்கு முன்னால் வருகிற மூச்சும் சேர்ந்து கேட்டது. காதோரம் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரம் இதை அடைத்து வைத்திருந்தவள் நான்.

"மன்னிச்சுக்கங்க சார், எனக்குத் தெரியலை" என்றேன்.

அவர் குழலை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

"என்னது?"

"கையேட்டுல பதினோராம் பக்கத்துல போட்டிருக்குதுங்க. மொத நாளே படிச்சுட்டனுங்க."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மைக்கு வேல செஞ்சிருக்குமுங்க. நீங்க கீபோர்டுப் பக்கம் போயிருப்பீங்க."

மூன்று வாரம்! எத்தனை தடவை கேபிளைக் கழற்றி மாட்டினேன்! மீட்டரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து துளை துளையாகப் பார்த்தேனே, இந்த மனிதர் தட்டுவடையைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். "என்னை என்னன்னு நெனச்சீங்க சார்?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

கோபமாக இருக்கிறது. ஒத்திகையில் மூன்றாம் சானலைப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

கோபம் நேற்று மத்தியானமே போய்விட்டது. இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால், ஓர் ஆம்பளை என்னோடு அரை மணி நேரம் உட்காருவதற்காக ஊமைக் குழலை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் மூன்று வாரம். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன், என்னைத் தவிர இதை யார் படிக்கப்போகிறார்கள்? அவர் ஓசூர் போகக்கூடாது. போனால் எனக்குத் தாங்காது. நாளைக்குள் அதைச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதினால்தான் நானே நம்புவேன்.

எங்கள் மில் வழக்கம், காலை பத்தரைக்கு மெஷின்கள் எல்லாம் நிற்கும். வருடம் முழுக்க இரைகிற ஷெட் அன்றைக்குத்தான் வாயை மூடும். ஸ்பேனர், டெஸ்டர், கேன்டீன் கரண்டி வரைக்கும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பிள்ளையார் முன் அடுக்குவோம். வைத்ததை மறுநாள் விசயதசமி காலையில்தான் எடுக்கவேண்டும். இந்த விதியில் மில்லிலேயே கண்டிப்பானவள் நான்தான். ஒரு வருடம் பூசையன்று மேனேஜர் அறை ஃபேன் நின்றுபோனது. டெஸ்டரைத் தொடமாட்டேன் என்று சொல்லி, அவரை நாள் முழுக்க வியர்க்க விட்டேன்.

இன்று அரக்குப் புடவை கட்டிக்கொண்டு போனேன். என் டிபார்ட்மெண்ட் சாமான்களை நானே துடைத்து அடுக்கினேன். மிக்சர் எங்கள் புதுப் பெருமையல்லவா? நடுவில் வைத்தேன். மைக், கேபிள், ஹெட்போன் எல்லாம் சுற்றிலும். துளை துளையாக ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். மனசெல்லாம் வேறெங்கோ இருந்தது. பண்டாரம் தீபாராதனை காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

பொரியும் கடலையும் கையில் வாங்கிக்கொண்டு நாச்சிமுத்து சார் பக்கத்தில் வந்தார். இரண்டு நாளுக்குப் பிறகு பேசுகிறார்.

"ஏனுங்க மேடம், நாலு மணிக்குக் கச்சேரிங்களே. எதுலீங்க வாசிக்கறது?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. எதை வைத்துக் கச்சேரி நடத்தவேண்டுமோ அதையே கொண்டுபோய் நாளைவரை சாமியிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதுவும் நான்! பழனிச்சாமி என்னைப் பார்த்தார், அல்போன்ஸ் என்னைப் பார்த்தார், மேனேஜர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த ஃபேன் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"விதின்னா விதிதானுங்க. என் தப்பு. கச்சேரிய நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ருக்குமணியக்காதான் முன்னால் வந்தாள். "ஏம்புள்ள வசு, மத்தியானம் எண்ணூறு பேருக்குச் சாம்பார் ஊத்தப்போறனே, எந்தக் கரண்டியிலன்னு நெனச்சே? வருசா வருசம் பூசையில வெச்ச கரண்டியத்தான் பத்து நிமிசம் கழிச்சு எடுத்துக்கறேன். பசியா இருக்கறவங்களுக்குத்தானே சாமின்னு ஒரு கும்புடு போட்டுட்டு எடுப்பேன். இன்னைவரைக்கும் சாமி கோவிச்சுக்கலை. நீ பாட்டுக் கேக்க வெக்கத்தானே எடுக்கறே?"

பண்டாரம் சிரித்துக்கொண்டே இன்னொரு சூடம் ஏற்றினார். "எடுத்துக்கங்கம்மா, சரசுவதி பூசையும் இன்னைக்குத்தானுங்க" என்றார். பதினெட்டு வருட விதியை என் கையாலேயே தூக்கினேன். கனமாகவே இல்லை.

ஆனால் சாக்கெட் துளைகளுக்குள் எல்லாம் குங்குமமும் சந்தனமும் அப்பியிருந்தன. ஒரு மைக்கும் ஏறவில்லை. நாச்சிமுத்து சார் ஓடிப்போய் லேபிலிருந்து ஸ்பிரிட்டும் நீள இழைப் பஞ்சும் கொண்டுவந்தார். பஞ்சைத் திரித்துத் திரித்துத் துளைக்குள் விட்டுச் சுத்தம் செய்தார். நான் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். சிவப்புச் சிவப்பாகப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது.

"கோவம் போயிருச்சுங்களா?" என்றார் தலை நிமிராமல்.

சொல்லவேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம். "வேலையப் பாருங்க சார்" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான்.

நாலு மணி. குடோன் நிறையச் சனம், பெண்டு பிள்ளைகளோடு. நான் பக்கவாட்டில் மிக்சரோடு உட்கார்ந்தேன். ஃபேடர்கள் எல்லாம் கீழே இருந்தன. மேனேஜர் குத்துவிளக்கு ஏற்றக் குனிந்தார். எல்லோரும் எழுந்து அமைதியாக நின்றார்கள். மெஷினும் இல்லை, பேச்சும் இல்லை. அப்படி ஓர் அமைதியை அந்த மில்லில் நான் பார்த்ததில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சானல் சானலாகக் கடைசிச் சோதனை பார்த்தேன். ஒன்று சரி, இரண்டு சரி. மூன்றாம் பட்டனை அமுக்கினேன்.

"மேடம்" என்று கேட்டது. மைக்கை ஒட்டி அவர் உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. என்னைத் தவிர ஒருவருக்கும் கேட்காது என்று தெரிந்துதான் பேசுகிறார்.

"கச்சேரி முடிஞ்சதும் மேனேஜர் பதில் கேப்பாருங்க. எனக்கு ஓசூருமில்லை, பதவியுமில்லீங்க. உங்களோட டீ குடிச்சாப் போதுமுங்க, இருக்கற காலமெல்லாம். நான் போகட்டுமா, இருக்கட்டுமா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்."

தலையை ஆட்டுவதோடு விட்டிருக்கலாம். எனக்கு நெஞ்சு நிறைந்தது, அடக்கமுடியவில்லை. காதோடு காதாகத்தான் சொன்னேன், அதாவது அப்படித்தான் நினைத்தேன். இரண்டு காதையும் ஹெட்போன் மூடியிருக்கிறது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதினெட்டு வருடம் ஸ்பின்னிங் ஷெட் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை வேறு.

"போகாதீங்க! இங்கயே இருங்க! என்கூட இருங்க!"

மேனேஜர் கையிலிருந்த மெழுகுவர்த்தி அப்படியே நின்றது. எண்ணூறு தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. என்ன ஆயிற்று என்று ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் குடோன் எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று எனக்குக் கேட்டது.

முதலில் சிரித்தது ருக்குமணியக்கா. பிறகு பழனிச்சாமி தபேலாவில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு மொத்தக் குடோனும் விசில். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருந்தாலும் முகம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது, அதை என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை.

மேனேஜர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். "நாச்சிமுத்து, நான் பதில் கேக்க வேண்டியதில்லைன்னு நெனைக்கறேன். அந்தம்மாவுக்குப் பதில் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லுங்க."

அவர் மைக்குக்கு முன்னால் குழலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருடைய ஃபேடர் இன்னும் கீழேதான் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். நான் ஒரு விரலால் மூன்றாம் சானலை மெதுவாக மேலே தள்ளினேன்.

"செரிங்க" என்றார். மில் முழுக்கக் கேட்டது.